நிற்கிற தெய்வங்கள்

ஜோசப்பினுக்கு அந்த அறையில் முதன்முதலாகக் கோபம் வந்தது ஹீராவின் கதிரையைப் பார்த்துத்தான்.

ஹீரா என்பவள் பழைய கிரேக்கரின் பெரிய தெய்வம். தெய்வங்களுக்கெல்லாம் தலைவனான ஸியூஸின் பெண்சாதி. இரண்டாயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முன்னால் ஏதென்ஸில் யாரோ ஒருவன் மண்சாடி ஒன்றில் அவளைக் கதிரையில் இருத்தி வரைந்தான். சாய்ந்துகொள்ள முதுகு, கை வைக்கச் சட்டம், கால் நோகாமல் அடியில் ஒரு சின்னப் பலகை. அன்று இருந்தவள் இன்னும் எழும்பவில்லை. அவளுக்கு முன்னால், கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம், ரொறன்ரோ நகரத்து மியூசியம் ஒன்றின் இரண்டாம் மாடியில், காலை பத்து மணி தொடக்கம் மாலை ஆறு மணி வரை ஜோசப்பின் நிற்பாள். வலது கணுக்காலுக்குள் ஒரு இரும்புத் தகடும் ஐந்து ஆணிகளும் இருந்தன. அவற்றையும் சேர்த்துச் சுமந்துகொண்டு நிற்பாள்.

பெரிய மியூசியம் இல்லை அது. ஒரு பணக்காரக் குடும்பம் மூன்று தலைமுறையாக வாங்கிக் குவித்த சாமான்களை வைக்க இடமில்லாமல் கட்டிய கட்டடம். அதில் ஒரு அறை முழுக்கக் கிரேக்கச் சாடிகள். பத்தொன்பது சாடிகள். சிலவற்றில் செம்மண் நிறத்தின்மேல் கறுப்பு உருவங்கள், சிலவற்றில் கறுப்பின் நடுவே செம்மண் உருவங்கள். அறையைக் காக்கிறவளுக்கு விதிகள் நாலே நாலு. கதிரையில் இருக்கக்கூடாது. சுவரில் சாயக்கூடாது. ஃபோன் பார்க்கக்கூடாது. வருகிறவர்களோடு தானாகக் கதைக்கக்கூடாது.

ஆனால் வாசலில் ஒரு கம்பியில் பன்னிரண்டு மடக்குக் கதிரைகள் தொங்கின. வருகிறவர்களுக்குக் கால் நொந்தால் ஒன்றை எடுத்துக்கொண்டுபோய் விரும்பிய சாடிக்கு முன்னால் விரித்து இருக்கலாம். இருபது வயதுப் பிள்ளைகள், நேற்று முளைத்த கால்களோடு வந்து, அவற்றில் இருந்துகொண்டு ஃபோனைத் தடவுவார்கள். சாடியை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள். மாலையானதும் அந்தக் கதிரைகளை மடக்கித் திரும்பக் கம்பியில் கொழுவுவது ஜோசப்பினின் வேலை. கொழுவலாம், இருக்கக்கூடாது. இந்தச் சட்டத்தை எழுதிய மகராசன் வாழ்க்கையில் ஒருநாளாவது எட்டு மணித்தியாலம் நின்றிருப்பானா என்று அவள் ஒவ்வொரு மாலையும் கேட்டுக்கொள்வாள்.

ஆறு வருடம் ஒரே அறையில் நின்றால் யாருக்கும் ஒரு கணக்கு வந்துவிடும். மற்றவர்கள் எந்தச் சாடி பழையது, எது விலை கூடியது என்று பார்த்தார்கள். ஜோசப்பின் பார்த்தது எந்தத் தெய்வம் இருக்கிறது, எந்தத் தெய்வம் நிற்கிறது என்பதை. ஸியூஸ் எட்டுச் சாடிகளில் வந்தான். ஏழில் இருந்தான். கடல் தெய்வம் பொசைடன் மீன் குத்துகிற மண்டா போன்ற ஒன்றைப் பிடித்தபடி இருந்தான். வைன் தெய்வம் டயோனிசஸ் கையில் கிண்ணத்தோடு இருந்தான், அதுவும் மடக்குக் கதிரையில். அந்தக் காலத்திலேயே மடக்குக் கதிரை இருந்திருக்கிறது. நின்றவர்கள் வேறு ரகம். செருப்பில் இறக்கை முளைத்துத் தூது ஓடுகிற ஹெர்மிஸ். செய்தி கொண்டுவருகிற ஐரிஸ். மற்றவர்களின் கிண்ணம் வெறுமையாகிறதா என்று சாடியும் கையுமாகக் காத்துநிற்கிற ஹீபி என்ற பெட்டை.

"தெய்வமாப் பிறந்தாலும் ஷிஃப்ட் வேலை எண்டா நிக்கத்தான் வேணும் பிள்ளை" என்று அவள் இஸ்ரத்திடம் ஒருநாள் சொன்னாள்.

இஸ்ரத் பக்கத்து அறையைக் காக்கிறவள். காத்தான்குடிக் குடும்பத்துப் பெண், இருபத்தொன்பது வயது, பிக்கரிங்கிலிருந்து ரயிலில் வருகிறவள். அவள் சிரித்தாள். ஜோசப்பின் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

ஜோசப்பின் வேதக்காரி. குருநகர்க் கத்தோலிக்கக் குடும்பம். இந்தத் தெய்வங்களைக் கும்பிடவேண்டிய கடமை அவளுக்கில்லை. அதனால் அவர்களோடு கோபித்துக்கொள்வதற்கும் வசதியாக இருந்தது. அந்தப் பத்தொன்பது சாடிகளிலும் அவள் கோபிக்காத தெய்வம் ஒன்றே ஒன்று. ஜன்னலுக்கு அருகேயுள்ள சாடியில் கோவேறு கழுதைமேல் போகிறவன். இருக்கிறவனுமில்லை, நிற்கிறவனுமில்லை. கையில் கொல்லனின் குறடு. பாதம் ஒன்று பின்பக்கமாகத் திரும்பியிருக்கும். வரைந்தவன் அதை மறைக்கவில்லை, நன்றாகத் தெரியும்படியே வரைந்திருந்தான். பெயர் ஹெஃபெஸ்டஸ்.

அவனுடைய கதையை அவள் படித்து அறிந்ததில்லை. காதால் கேட்டது. கிழமையில் மூன்று தரம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து விளக்கம் சொல்வார். ஆறு வருடமாக ஒரே விளக்கம். ஹெஃபெஸ்டஸ் ஹீரா பெற்ற பிள்ளை. காலில் ஊனத்தோடு பிறந்தான். பெற்றவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. தூக்கி மலையிலிருந்து கீழே எறிந்துவிட்டாள். பிள்ளை கடலில் விழுந்து, தப்பி, கொல்லனாகி, ஒருநாள் தாய்க்குப் பொன்னில் ஒரு கதிரை செய்து அனுப்பினான். அவள் ஆசையோடு அதில் இருந்தாள். இருந்ததும் கண்ணுக்குத் தெரியாத கட்டுகள் அவளைப் பிடித்துக்கொண்டன. எழும்ப முடியவில்லை. தெய்வங்கள் எல்லாம் ஓடிவந்து கெஞ்சின. அவன் அசையவில்லை. கடைசியில் டயோனிசஸ் வைன் பருக்கி, கழுதையில் ஏற்றி, அவனை மலைக்குத் திருப்பிக் கூட்டிவந்தான்.

இந்த இடத்தில் ஆசிரியர் ஒரு காலை இழுத்து நாலு எட்டு நடந்து காட்டுவார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் குலுங்கிச் சிரிப்பார்கள். பெரியவர்களும் சிரிப்பார்கள். ஜோசப்பின் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். ஆறு வருடத்தில் அந்த நடையை எத்தனை தரம் பார்த்திருப்பாள். அது அவளுடைய நடை. மாலை ஐந்து மணிக்குப் பிறகு அவள் கழிவறைக்குப் போய்வருகிற நடை. பத்தி எரியும். ஆனால் காவலாளி தானாகக் கதைக்கக்கூடாது.

அவள் ஊனத்தோடு பிறந்தவளில்லை. கனடாவுக்கு வந்து நாலாம் வருடம், ஸ்காபரோவில் பிளாஸ்டிக் மூடி செய்கிற ஃபக்டரி ஒன்றில் வேலை செய்தபோது, சாமான் தூக்குகிற வண்டியிலிருந்து ஒரு பலகை அடுக்குச் சரிந்து காலில் விழுந்தது. அந்த வேலையை எடுத்துக் கொடுத்தவன் பஸ்ரியன். அவர்களுடைய பங்குக் கோயில்காரன், அங்கே லைனுக்குப் பொறுப்பாக இருந்தான். அவனே தன் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். போகிற வழியில் சொன்னான்.

"அக்கா, வீட்டுப் படியில விழுந்தனான் எண்டு சொல்லுங்கோ. வேலையிடத்தில எண்டா என்ர தலையிலதான் விழும். நான்தானே உங்களைச் சேர்த்துவிட்டனான்."

கால் உடைந்து தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் அவனுக்காக இரங்கினாள். படியில் விழுந்ததாகச் சொன்னாள். டொக்டர் அப்படியே எழுதினார். வேலையிடத்தில் அடிபட்டவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற எதுவும் அவளுக்கு வரவில்லை. பஸ்ரியன் மட்டும் இரண்டு தரம் வீட்டுக்கு வந்தான், ஆட்டுக்கால் சூப்போடு. கால் போனவளுக்குக் கால் சூப். அதையும் அவள் நன்றி சொல்லித்தான் குடித்தாள். இப்போது நினைத்தால் அந்தக் கோப்பையை அவன் தலையில் கவிழ்த்திருக்கலாம் என்று தோன்றும்.

பிறகு பல வேலைகள். ஐம்பது வயதில் காவலாளிக்கான வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, லைசென்ஸ் எடுத்தாள். மியூசியத்துக்கு ஆள் அனுப்புகிற காவல் கம்பனியில் சேர்த்துவிட்டவன் ஸ்ரீஸ்கந்தராசா. எல்லோருக்கும் சிறி. நாற்பத்துநாலு வயது, மில்லிக்கனில் வீடு, மியூசியத்தில் நிற்கிற அத்தனை காவலாளிகளுக்கும் அவன்தான் சுப்பவைசர். "அக்கா, அக்கா" என்று மரியாதையாகக் கதைப்பான். விண்ணப்பத்தை அவனே நிரப்பிக் கொடுத்தான். அந்த நன்றி அவளுக்கு நெஞ்சில் இருந்தது. தமிழரைக் கட்டிப்போட யாரும் பொன் கதிரை செய்யத் தேவையில்லை, நன்றி போதும்.

சென்ற வருடக் கடைசியில் கால் வீங்கத் தொடங்கியது. டொக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கம்பனியின் படிவத்தில் ஒரு கடிதம் எழுதித் தந்தார். மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் இந்தப் பெண் இருக்கவேண்டும், வேலை செய்யும் இடத்தில் ஒரு கதிரை கொடுக்கவும். அவ்வளவுதான். கடிதத்தின் அடியில் கம்பனி ஒபீஸின் விலாசம் அச்சடித்திருந்தது. ஒரு முத்திரை ஒட்டிப் பெட்டியில் போட்டிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

ஜோசப்பின் போடவில்லை. சிறியைத் தாண்டி ஒபீசுக்கு அனுப்பினால் அவனுக்குக் குறைவு என்று நினைத்தாள். வேலை எடுத்துத் தந்தவனைப் பற்றி மேலிடத்தில் முறையிட்டதுபோல ஆகிவிடும் என்று நினைத்தாள். நம்மட ஆள் இருக்க, முன்பின் தெரியாத விலாசத்துக்கு ஏன் என்று நினைத்தாள். ஜனவரியில், மூவிராசாக்கள் திருநாளன்று, கொட்டுகிற பனியில் இரண்டு பஸ் மாறி மில்லிக்கனுக்குப் போய், ஒரு பெட்டி ரிச் கேக்கையும் கடிதத்தையும் சேர்த்து அவன் கையில் கொடுத்தாள். அவனுடைய மனைவி கௌசி தேத்தண்ணி போட்டாள். சிறி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தான்.

"நான் பாத்துக்கொள்ளுறன் அக்கா. நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

அவள் யோசிக்கவில்லை. மாசி போனது, பங்குனி போனது. கேட்டால், அனுப்பியாயிற்று, மேலே இருந்து பதில் வரவில்லை என்பான். சித்திரையில் மூன்றாம் முறை கேட்டபோது படிக்கட்டில் இறங்கிக்கொண்டே சிரித்தான். "மேல இருக்கிறவை என்ன சொல்லுவினம் தெரியுமே அக்கா, நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாட்டு எண்டு சொல்லுவினம்." சொல்லிவிட்டு, பகிடிதான் என்று தோளைத் தட்டிவிட்டுப் போனான். மேலிடத்தில் யாரோ முகம் தெரியாத வெள்ளைக்காரர்மேல் அவளுக்குக் கோபம் வந்தது. சிறிமேல் வரவில்லை. அவ்வளவு நம்பிக்கை.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் பக்கத்து அறையை எட்டிப் பார்த்தபோது இஸ்ரத் இருந்தாள். கதிரையில், முதுகு சாய்த்து, எல்லோரும் பார்க்க. இஸ்ரத்துக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம்.

"ஆர் தந்தது பிள்ளை?"

"ஒபீஸால அனுப்பினாங்க அன்ரி. டொக்டர்ட கடிதத்தத் தபால்ல போட்டன். ஒம்பதாம் நாள் கதிர வந்திச்சி."

"சிறியிட்டக் குடுக்கேல்லையே?"

"அவர் எனக்கு ஆரு அன்ரி? கடிதத்தில போட்டிருந்த விலாசத்துக்கு அனுப்பினன்."

ஜோசப்பின் தன் கடிதத்தைப் பற்றிச் சொன்னாள். இஸ்ரத் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒபீசுக்கு ஃபோன் எடுத்து, ஜோசப்பினின் பெயரைச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டாள். மறுபக்கத்தில் ஒரு பெண் தேடிப் பார்த்துவிட்டு, இந்தப் பெயரில் எந்த மருத்துவக் கடிதமும் வரவில்லை என்றாள். ஜனவரியிலிருந்து பார்த்தாயிற்று, எதுவும் இல்லை என்றாள். வேண்டுமானால் இன்றைக்கே அனுப்புங்கள் என்று அன்பாகவும் சொன்னாள். ஜோசப்பினின் சாப்பாட்டுப் பெட்டி திறந்தபடி கிடந்தது.

நம்ப நட, நம்பி நடவாதே என்பார்கள். வாயால் சொல்ல எல்லோருக்கும் தெரியும்.

சிறியை அவள் உடுப்பு மாற்றும் அறையில் பிடித்தாள். கதவைச் சாத்தினாள்.

"கடிதம் எங்கை?"

அவனுக்கு முகம் கறுத்தது. "அக்கா, சத்தம் போடாதேங்கோ."

"நான் இன்னும் சத்தம் போடத் தொடங்கேல்லை. கடிதம் எங்கை எண்டு கேக்கிறன்."

"இருக்குது. என்ர மேசை லாச்சிக்குள்ள இருக்குது." அவன் குரலைத் தணித்தான். "இந்த வருசம் மியூசியத்தோட கொன்ராக்ட் புதுப்பிக்கினம் அக்கா. என்ர ஆக்களில ஒருத்தரும் மெடிக்கல் லெட்டர் தாறதில்லை எண்டு மேல பெருமையாச் சொல்லிப்போட்டன். அந்தப் பிள்ளை நேர அனுப்பினதால அதைத் தடுக்கேலாமல் போச்சு. உங்கடையும் போயிருந்தா என்னை என்னெண்டு பாப்பினம்? நீங்கள் ஒரு சின்ன வேலை செய்யுங்கோ. டொக்டரிட்டப் போய்ப் புதுத் திகதியில ஒரு கடிதம் எடுத்துத் தாங்கோ. ரெண்டு கிழமையில உங்களைக் கீழ கமரா அறையில போட்டுவிடுறன். அங்கை நல்ல கதிரை இருக்கு, சில்லு வைச்ச கதிரை."

"நிலத்துக்குக் கீழ, ஜன்னலில்லாத அறை."

"இருக்கலாந்தானே அக்கா."

"எனக்குக் கதிரை இருக்கிற இடத்துக்குப் போகத் தேவையில்லை. நான் நிக்கிற இடத்துக்குக் கதிரை வரவேணும்."

"பழைய கடிதம் வெளியில வந்தா என்ர வேலை போயிடும். கௌசியையும் பிள்ளையளையும் யோசியுங்கோ."

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறவர்களைப் பற்றி ஜோசப்பின் கேள்விப்பட்டிருக்கிறாள். அவர்கள் தொட்டிலையாவது தாங்களே ஆட்டுவார்கள். இவன் தொட்டிலை ஆட்டச் சொல்லிப் பிள்ளையையே கேட்கிறான். ஏதாவது கையில் கிடைத்தால் எறிந்துவிடுவாள் என்று பயந்து வெளியே வந்துவிட்டாள்.

வீட்டில் அவளுடைய கணவர் சூசைதாசன் எல்லாவற்றையும் கேட்டார். டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடியில் அவர்களுடைய வீடு. சமையலறை மேசையில் காலை ஐஸ் பையின்மேல் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள். நல்ல மனிதர். யாரோடும் சண்டைக்குப் போகாதவர். அதுதான் அவரிடமுள்ள குறை.

"புதுக்கடிதம் எடுத்தா என்ன குறைஞ்சு போகுது?" என்றார். "உமக்குக் கதிரைதானே வேணும். கதிரை வந்தாச் சரி. வெள்ளைக்காரருக்கு முன்னால எங்கட பெடியனைக் காட்டிக் குடுக்கிறதே?"

"ஜனவரியில இருந்து நிண்டது ஆர், புதுக்கடிதமே நிண்டது?"

"நான் அதைச் சொல்லேல்லை."

"புதுத் திகதி போட்டா, எனக்குக் கால் நொந்தது போன கிழமைதான் எண்டு ஆகும். முந்தியும் ஒருக்கா இப்பிடித்தான் எழுதிக் குடுத்தனான். படியில விழுந்தனான் எண்டு. என்ர காலுக்கு ஒரு நாளும் உண்மையான கடிதம் இல்லையே?"

சூசைதாசன் எழும்பி ஐஸ் பையை மாற்றி வைத்தார். காட்டிக் கொடுப்பது என்ற சொல் அவர்களுடைய தலைமுறைக்கு எவ்வளவு பாரமானது என்று இருவருக்கும் தெரியும். ஊரில் அந்தச் சொல்லுக்கு ஆட்கள் செத்திருக்கிறார்கள். ஒரு மடக்குக் கதிரைக்கு மேலே அதைக் கொண்டுவந்து வைப்பதற்கு யாருக்கும் உரிமையில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அதுவும் சேர்ந்து கோபமானது.

அடுத்த நாள் புதன். புதன்கிழமை அவளுக்கு லீவு. அன்று அவளுடைய அறைக்கு வேறு ஆள் இல்லாததால் சிறியே வந்து நிற்பான். இது ஆறு வருட வழக்கம். அன்று காலை அவள் கோயிலுக்குப் போடும் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வழக்கமான பஸ்சிலும் வழக்கமான ரயிலிலும் மியூசியத்துக்குப் போனாள். வாசலில் டிக்கெட் வாங்கினாள். வேலை செய்கிறவர்களுக்கு இலவசம் என்று அங்கிருந்த பெண் சொன்னாள். வேண்டாம் என்றாள். இலவசமாக உள்ளே போனால் வேலைக்காரியாகப் போகவேண்டும். அவளுக்கு அன்று வருகிறவளாகப் போகவேண்டியிருந்தது.

இரண்டாம் மாடியில் ஏறி, கம்பியிலிருந்து ஒரு கதிரையை எடுத்தாள். கழுதைமேல் போகிறவனின் சாடிக்கு முன்னால் விரித்தாள். இருந்தாள்.

சிறி சுவரோரம் சீருடையில் நின்றான். முதலில் தெரியாததுபோல இருந்தான். பிறகு மெதுவாக வந்தான்.

"என்ன அக்கா, லீவு நாளில?"

"படம் பாக்கிறன்."

"எவ்வளவு நேரம் பாக்கப்போறியள்?"

"டிக்கெட்டில ஆறு மணி எண்டு போட்டிருக்கு."

அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வருகிறவர்களை எழுப்பச் சொல்லி எந்த விதியிலும் இல்லை. அவன் திரும்பிப் போய் நின்றான். சாயவில்லை, இருக்கவில்லை, ஃபோன் பார்க்கவில்லை. பதினொரு மணியானது, பன்னிரண்டானது. ஒரு மணிக்குப் பிறகு அவன் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறத் தொடங்கினான். சப்பாத்து நிலத்தில் உரசுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. இரண்டு கால்களும் நல்லாயிருக்கிற மனிதன்.

இது தனக்குச் சந்தோசமாக இருக்கும் என்று நினைத்துத்தான் ஜோசப்பின் வந்தாள். இல்லை. கோபம் கூடித்தான் போனது. அதே அறை, அதே கண்ணாடி, அதே கணுக்கால். நேற்றுச் சீருடையில் இருக்க முடியாத கால் இன்று நீலச் சட்டையில் இருக்கலாம். சட்டை மாறினால் எலும்பு மாறுமா? இவ்வளவு சின்ன விசயத்துக்கா ஜனவரியிலிருந்து ஒவ்வொரு இரவும் அழுதாள்? இரண்டு மணி தாண்டியும் வீக்கம் வரவேயில்லை. காலை அசைத்துப் பார்த்தாள், நோகவில்லை. அதைக் கண்டதும்தான் அவளுக்கு ஆத்திரம் தாங்கமுடியாமல் போனது.

மூன்று மணிக்கு விளக்கம் சொல்லும் ஆசிரியர் வந்தார். அன்று மியூசியத்துக்கு நன்கொடை கொடுக்கிற சிலர் வந்திருந்ததால், மியூசியத்தின் மனேஜர் கரோலினும் கூடவே வந்தாள். ஆசிரியர் ஒவ்வொரு சாடியாக வந்து, கடைசியில் ஜோசப்பினுக்குப் பின்னால் நின்று கதையைத் தொடங்கினார். எறிந்த தாய், பொன் கதிரை, கெஞ்சிய தெய்வங்கள். பிறகு ஒரு காலை இழுத்தார்.

"அப்படி நடக்காதீர்கள்" என்றாள் ஜோசப்பின். ஆங்கிலத்தில், தலையைத் திருப்பாமல்.

அவர் ஒற்றைக் காலை வைத்தது வைத்தபடி நின்றுவிட்டார்.

"ஆறு வருடமாகப் பார்க்கிறேன். நோகிறவர்கள் ஆட்களுக்கு முன்னால் அப்படி நடப்பதில்லை. யாருக்கும் தெரியாமல் நடப்பார்கள்."

ஆசிரியர் சிவந்துபோய் மன்னிப்புக் கேட்டார். கரோலின் அப்போதுதான் ஜோசப்பினின் முகத்தைப் பார்த்தாள்.

"ஜோசப்பின்? இன்றைக்கு உங்களுக்கு லீவு அல்லவா?"

"ஆம், லீவு. அதனால்தான் இருக்கிறேன். வேலை நாளில் இருக்க முடியாது."

"கால் நோகிறதா? டொக்டரின் கடிதம் ஒன்று தந்தால் போதுமே. இஸ்ரத்துக்கு உடனே செய்தோம். நீங்கள் ஏன் தரவில்லை?"

சிறி சுவரிலிருந்து விறுவிறென்று வந்துவிட்டான். கரோலினைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, ஜோசப்பினுக்கு மட்டும் விளங்கும் தமிழில், மூச்சுவிடாமல் சொன்னான்.

"அக்கா, போன கிழமைதான் தந்தனான் எண்டு சொல்லுங்கோ. அவ்வளவும் போதும். உங்களைக் கும்பிடுறன்."

கரோலின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மொழி தெரியாதவளின் பொறுமையான முகம். போன கிழமை என்று சொன்னால் போதும். நாளைக்கே கதிரை வரும். சிறியின் வேலை இருக்கும். கோயிலில் யாரும் ஒன்றும் கதைக்கமாட்டார்கள். சூசைதாசன் நிம்மதியாகத் தூங்குவார். எல்லோருக்கும் நல்லது. அந்த எல்லோரிலும் அவளுடைய கால் மட்டும் இல்லை.

ஜோசப்பின் எழும்பினாள். யாரும் எழும்பச் சொல்லவில்லை. இதை இருந்துகொண்டு சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"ஜனவரி ஆறாம் திகதி" என்றாள் ஆங்கிலத்தில். "மூவிராசாக்கள் திருநாள், அதனால் எனக்கு நல்ல ஞாபகம். இவருடைய வீட்டுக்குப் போய் இவர் கையில் கொடுத்தேன். அனுப்பியதாகச் சொன்னார். அனுப்பவில்லை. கடிதம் இன்றைக்கும் இவருடைய லாச்சிக்குள் இருக்கிறது. போய்ப் பாருங்கள்."

கரோலின் சிறியிடம் அது உண்மையா என்று கேட்டாள். அவன் கை இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைப் பொத்தியது. கரோலின் அவனைக் கீழே தன் ஒபீசுக்கு வரச்சொல்லிவிட்டு, நன்கொடைக்காரர்களையும் ஆசிரியரையும் அடுத்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது ஜோசப்பினின் கையைத் தொட்டு, நாளைக் காலை உங்கள் அறையில் கதிரை இருக்கும் என்றாள்.

அவர்கள் இருவரும் மட்டும் நின்றார்கள். சிறியின் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து அவளுக்குப் பாவமாக இருந்தது உண்மைதான். கோபம் குறையவில்லை என்பதும் உண்மை.

"எங்கட ஆள் எண்டு நம்பினன் அக்கா" என்றான். "நீங்களே என்னைக் காட்டிக் குடுத்திட்டியள்."

"எங்கட ஆள் எண்டுதான் தம்பி, பனிக்குள்ள ரெண்டு பஸ் ஏறி உம்மட வீட்டை கொண்டுவந்து தந்தனான். பிறத்தியான் எண்டு நினைச்சிருந்தாத் தபாலில போட்டிருப்பன். ஒன்பது நாளில கதிரை வந்திருக்கும்."

சொல்லிவிட்டு ஜோசப்பின் திரும்பவும் இருந்தாள்.